லீவு நாளும் சேமிப்புதான்!

"பித்தப்பையில கல் இருக்கு. இன்னிக்கே பண்ணணும்னு அவசரமில்லை. ஆனா ரெண்டு மாசத்துக்குள்ள ஆபரேஷனை முடிச்சுடறது நல்லது."

டாக்டர் இப்படிச் சொல்லி அனுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பும் ஆட்டோவிலேயே கணக்கு ஆரம்பமாகிவிடும்.

"ஏங்க, எவ்வளவு ஆகும்னு கேட்டீங்களா?"

"லட்ச ரூபாய்க்குக் கிட்ட வரும்னு சொன்னாங்க."

"என் வளையலை வெச்சா..."

"இரு, இரு. ஆபீஸ்ல இன்ஷூரன்ஸ் இருக்குன்னு சொன்னாங்க. அந்தக் கார்டை எங்க வெச்சேன்னுதான் தெரியலை!"

நம்மைப் போன்ற குடும்பங்களில் பேச்சு பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆஸ்பத்திரி பில் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். "எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது? அந்த நாளுக்கெல்லாம் சம்பளம் வருமா?" என்ற கேள்வி, முதல் தேதி சம்பளம் குறைந்து வரும்போதுதான் ஞாபகத்துக்கு வரும். பித்தப்பை ஆபரேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். லேப்ராஸ்கோப்பி முறையில் செய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பலர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். வயிற்றைத் திறந்து செய்ய வேண்டி வந்தால் ஆறு வாரம்கூட ஆகலாம். மூட்டை தூக்குகிற வேலையோ, நாள் முழுக்க நிற்கிற வேலையோ என்றால் இன்னும் கூட. அந்த ஆறு வாரமும் வீட்டு வாடகை நிற்காது. பால்காரர் நிற்க மாட்டார். ஸ்கூல் ஃபீஸும் நிற்காது.

ஆக, வியாதி என்றால் செலவு இரண்டு. ஒன்று ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பது. இன்னொன்று சம்பளத்தில் வராமல் போவது. இந்த இரண்டுக்குமே நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் ஓரளவு ஏற்பாடு இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, ஒரு நிபந்தனை, ஒரு ஃபாரம் உண்டு. காய்ச்சலோடு படுத்துக்கொண்டு அதையெல்லாம் தேட முடியாது. உடம்பு நன்றாக இருக்கும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து பார்த்துவிட வேண்டிய விஷயம் இது.

சி.எல்.லை ஜனவரியிலேயே காலி பண்ணாதீங்க!

முதலில் லீவுக் கணக்கு. தமிழ்நாட்டில் கடைகளுக்கும் தனியார் அலுவலகங்களுக்கும் 1947-ம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. அதன்படி ஒரு வருடம் வேலை பார்த்து முடித்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை. இது போக, உடம்பு சரியில்லை என்றால் வருடத்துக்கு 12 நாள் வரை. வேறு நியாயமான காரணத்துக்கு 12 நாள் வரை. ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பவருக்கும் இது உண்டு. "எங்க முதலாளி அப்படியெல்லாம் தர்றதில்லையே" என்பீர்கள். தருகிறாரோ இல்லையோ, சட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கேட்பது வேறு, தயவுக்குக் கேட்பது வேறு இல்லையா?

தொழிற்சாலை என்றால் 20 நாள் வேலைக்கு 1 நாள் என்ற கணக்கில் சம்பளத்தோடு விடுமுறை சேரும். மத்திய அரசு ஊழியருக்கு வருடத்துக்கு 20 நாள் அரைச் சம்பள லீவு உண்டு. மெடிக்கல் சர்டிஃபிகேட் கொடுத்து அதில் இரண்டு நாளை ஒரு முழுச் சம்பள நாளாக மாற்றிக்கொள்ளலாம். அரசாங்க வேலைக்காரர்கள் இந்தக் கணக்கையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வார்கள். தனியார் கம்பெனிக்காரர்கள்தான் கோட்டை விடுகிறார்கள்.

நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பொங்கலுக்கு ரெண்டு நாள், மச்சான் கல்யாணத்துக்கு மூணு நாள், திருப்பதிக்கு ஒரு நாள் என்று மார்ச்சுக்குள் எல்லாம் தீர்ந்துபோகும். பிறகு ஜூலையில் மஞ்சள் காமாலை வந்தால் 'லாஸ் ஆஃப் பே'தான். மாதம் 30,000 ரூபாய் வாங்குபவருக்கு ஒரு நாள் லீவின் விலை 1,000 ரூபாய். பத்து நாளை மிச்சம் வைத்திருந்தால், 10,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்திருப்பதற்குச் சமம். பலசரக்குச் சாமானில் பத்து ரூபாய் பேரம் பேசுகிற நாம் இதை நினைப்பதே இல்லை.

முன்கூட்டியே தெரிந்த ஆபரேஷன் என்றால் தேதியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பல கம்பெனிகளில் லீவு வருடம் ஜனவரியில் தொடங்குகிறது, சிலவற்றில் ஏப்ரலில். ஹெர்னியா, கண்புரை, கர்ப்பப்பைக் கட்டி மாதிரி 'கொஞ்சம் தள்ளிப்போடலாம்' என்று டாக்டரே சொல்கிற ஆபரேஷனை லீவு வருடத்தின் கடைசி வாரத்தில் வைத்துக்கொண்டால், பழைய வருடத்தில் மிச்சமிருக்கும் சிக் லீவும் புது வருடத்து லீவும் அடுத்தடுத்துக் கிடைக்கும். டாக்டர் 'தள்ளிப்போடக் கூடாது' என்றால் இந்தச் சாமர்த்தியமெல்லாம் வேண்டாம். லீவுக்காக வியாதியை வளர்ப்பதா?

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு மட்டுமா லீவு? கூட இருப்பவருக்கும் வேண்டும். பெரும்பாலான ஆபீஸ்களில் சிக் லீவு தனக்கு உடம்பு சரியில்லை என்றால்தான் செல்லும். மாமியாருக்கோ குழந்தைக்கோ என்றால் செல்லாது. அதனால் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், ஒருவர் கணக்கிலாவது பத்துப் பதினைந்து நாள் ஈட்டிய விடுப்பு எப்போதும் மீதி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் 150 ரூபாய் எங்கே போகிறது?

இப்போது சம்பளச் சீட்டைக் கையில் எடுங்கள். அதில் இ.எஸ்.ஐ. என்று ஒரு பிடித்தம் இருக்கிறதா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது உண்டு (உடல் ஊனமுற்றவர்களுக்கு 25,000 வரை). 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி பங்கு 0.75 சதவிகிதம், முதலாளி பங்கு 3.25 சதவிகிதம். 20,000 சம்பளக்காரருக்கு 150 ரூபாய் பிடித்தம். கம்பெனி போடுவது 650.

"இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு யாருங்க போவா? க்யூவுல நிக்கணுமே" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். க்யூ இருக்கிறதுதான். ஆனால் இ.எஸ்.ஐ. வெறும் மாத்திரை வாங்குகிற இடமில்லை. சென்னை கே.கே. நகரிலும் கோவை சிங்காநல்லூரிலும் இ.எஸ்.ஐ.க்கு மருத்துவக் கல்லூரியோடு கூடிய ஆஸ்பத்திரியே இருக்கிறது. அங்கே முடியாத பெரிய சிகிச்சைக்கு, ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். மனைவி, குழந்தைகள், சம்பாதிக்காத பெற்றோருக்கும் வைத்தியம் உண்டு. வயதானவர்களுக்கு வெளியில் ஒரு இன்ஷூரன்ஸ் வாங்கிப் பாருங்கள், இதன் அருமை புரியும்!

பலருக்குத் தெரியாதது இதன் இன்னொரு பாதி. அதாவது, சம்பளத்துக்குப் பதிலாகப் பணம். இ.எஸ்.ஐ. டாக்டர் ஓய்வு தேவை என்று சர்டிஃபிகேட் கொடுத்தால், சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவிகிதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. நம் 20,000 ரூபாய்க்காரர் முப்பது நாள் ஓய்வில் இருந்தால், 28 நாளுக்குச் சுமார் 13,000 ரூபாய் வரும். முழுச் சம்பளம் இல்லைதான். ஆனால் வாடகையும் அரிசியும் ஓடிவிடும்.

காசநோய், புற்றுநோய் உள்பட 34 நீண்ட கால வியாதிகளுக்கு இது 80 சதவிகிதமாக உயர்ந்து, இரண்டு வருடம் வரைகூட நீளும். தொடர்ந்து இரண்டு வருடமாவது வேலையில் இருந்திருக்க வேண்டும். காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டியவர், "வேலை போயிடுமே" என்று பயந்து மூன்றாவது மாதமே ஷிஃப்டுக்குப் போய், மருந்தையும் நிறுத்திவிடுவது நாம் பார்க்காததா? குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு முழுச் சம்பளமே தருகிறார்கள்: ஆணுக்கு 7 நாள், பெண்ணுக்கு 14 நாள். அதோடு, இ.எஸ்.ஐ.யில் இப்படி நோய்ப் பணம் வாங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது.

தேதிக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பணத்துக்கு, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு, ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். நோய்ப் பணம் வாங்க, அந்த ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அடிக்கடி சம்பளமில்லாத லீவு போட்டால் இந்த 78 தட்டிப்போகும்.

இன்கிரிமென்ட் வந்த சந்தோஷத்தில்...

இந்தத் தேதிக் கணக்கு முக்கியமாகிற இடம் ஒன்று உண்டு. சம்பளம் 20,000-லிருந்து 21,500 ஆகிறது. வீட்டில் கேசரி கிண்டுகிறார்கள். அதே நாளில் இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிவிட்டோம் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை, அம்மாவுக்கு இன்ஸுலின் எல்லாம் அங்கேதான் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் கதவு அன்றைக்கே மூடுவதில்லை. சம்பள உயர்வு மே அல்லது ஜூனில் வந்தால், அந்தக் கட்டம் முடியும் செப்டம்பர் வரை பிடித்தம் தொடரும். அதற்கான பலன் அடுத்த வருடம் ஜூன் வரை இருக்கும். உயர்வு ஏப்ரல் முதல் தேதியே வந்துவிட்டால், பிடித்தம் மார்ச்சோடு நிற்கும். பலன் டிசம்பர் வரை. ஒன்பது மாதமோ, ஒரு வருடமோ இப்படி அவகாசம் கிடைக்கிறது. இந்த அவகாசத்தில்தான் குடும்பத்துக்கு வேறு இன்ஷூரன்ஸ் எடுத்தாக வேண்டும். ஏனென்றால் வெளியில் வாங்கும் பாலிசியில் ஏற்கெனவே உள்ள வியாதிக்கு மூன்று வருடம் வரைகூடக் காத்திருப்புக் காலம் வைக்கலாம். இ.எஸ்.ஐ. இருக்கும்போதே அதைத் தொடங்கிவிட்டால், காத்திருப்பில் கொஞ்சமாவது இந்தக் குடையின் கீழேயே கழிந்துவிடும். தனிநபர், குடும்ப மருத்துவ இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது என்பது ஒரு சின்ன ஆறுதல்.

இன்கிரிமென்டை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. உயர்ந்த 1,500-ல் முதல் செலவு பிரீமியமாக இருக்கட்டும், ஃப்ரிட்ஜ் தவணை அப்புறம் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறோம்.

கம்பெனி கொடுத்த கார்டு

சம்பளம் கூடுதலாக இருப்பவர்களுக்குக் கம்பெனியே குழு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கும். பல குழுப் பாலிசிகளில் ஏற்கெனவே இருக்கும் வியாதிக்கும் முதல் நாளிலிருந்தே பணம் உண்டு. பெரிய சௌகரியம் இது. பெற்றோரைச் சேர்க்கலாமா என்று ஹெச்.ஆர். பிரிவில் கேளுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, பாலிசி புதுப்பிக்கும்போதுதான் பெரும்பாலும் சேர்ப்பார்கள். அந்த வாரத்தைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான். புதிதாகக் கல்யாணமானவர்களும், குழந்தை பிறந்தவர்களும் உடனே பெயரைச் சேர்க்க வேண்டும். "அப்புறம் சேர்த்துக்கலாம்" என்பது இங்கே எடுபடாது.

அறை வாடகை வரம்பைப் பாருங்கள். 3 லட்ச ரூபாய் பாலிசியில் ஒரு நாள் அறைக்கு 1 சதவிகிதம், அதாவது 3,000 ரூபாய் என்று இருக்கும். "தனி ரூம்தான் வேணும்" என்று 6,000 ரூபாய் அறையில் சேர்ந்தால், வித்தியாசம் மூவாயிரம் மட்டும்தானே என்று நினைப்போம். அப்படியில்லை! டாக்டர் ஃபீஸ், தியேட்டர் வாடகை, நர்ஸிங் எல்லாமே அந்த விகிதத்தில் பாதியாக வெட்டப்படலாம். அவை 80,000 ரூபாய் என்றால் 40,000 உங்கள் கையிலிருந்து. நாலு நாள் ஏ.சி. ரூமுக்கு இது ரொம்ப விலை அம்மா!

வேலையை விடும் நாளோடு இந்தக் கார்டு முடிந்துபோகும். ஒரு கம்பெனியில் வெள்ளிக்கிழமை விலகி, அடுத்ததில் இருபது நாள் கழித்துச் சேருகிறவர்கள், அந்த இருபது நாளும் யாருக்கும் எதுவும் ஆகாது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். குழுப் பாலிசியிலிருந்து அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. ராஜினாமா கடிதம் கொடுக்கும்போதே கேட்டு, மனுப் போட்டுவிடுங்கள். கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

தாய்மை லீவு: முன்னால் 8, பின்னால் 18

வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பிரசவ லீவு 2017-லிருந்து 26 வாரம். பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். அந்த எட்டையும் எடுத்தால் குழந்தை பிறந்த பின் 18 வாரம்தான் மிச்சம். உடம்பு ஒத்துழைக்கிற பெண்கள் டாக்டரைக் கேட்டு, முன்னால் குறைத்துப் பின்னால் கூட்டிக்கொள்கிறார்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வதும் 26 வாரமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். கருச்சிதைவு என்றால் 6 வாரம் உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு 'காய்ச்சல்' என்று சி.எல். எழுதிக் கொடுக்கும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ உடம்பு கெட்டால் சர்டிஃபிகேட்டின் பேரில் இன்னும் ஒரு மாதம். தமிழக அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம்.

நிபந்தனை: பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். வேலை மாற நினைக்கிறவர்கள் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு இந்தப் பணத்தை இ.எஸ்.ஐ.யே தரும், அங்கே முந்தைய இரண்டு கட்டங்களில் 70 நாள் சந்தா வேண்டும். இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு முதலாளி தர வேண்டும். அதிலும், முன்னால் எடுக்கும் வாரங்களுக்கான பணத்தைக் கர்ப்பச் சான்றிதழ் கொடுத்ததும் முன்பணமாகவே தர வேண்டும். மீதியைப் பிரசவச் சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள். பெரும்பாலோர் மாதாமாதம் சம்பளம் மாதிரி வாங்கிக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு மொத்தமாகப் பணம் தேவைப்படுகிறவர்கள் கேட்டு வாங்கலாம். இந்த லீவில் இருக்கும்போது வேலையை விட்டு அனுப்புவது சட்ட விரோதம்.

தனியார் கம்பெனியில் அப்பாவுக்கு லீவு தர வேண்டும் என்று சட்டம் இல்லை. கம்பெனி மனது வைத்தால் உண்டு. முதல் மாதத்தில் இரவெல்லாம் கண் விழிக்கிற அம்மாவுக்கு ஒரு வாரமாவது அவர் பக்கத்தில் இருக்கட்டும். அதற்கும் இந்த வருடமே ஈட்டிய விடுப்பைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

பி.எஃப்.: கடைசிக் கதவு

உடம்பு சரியில்லை என்று பி.எஃப்.பிலிருந்து முன்பணம் எடுக்கலாம். தனக்கு மட்டுமல்ல, குடும்பத்தினர் சிகிச்சைக்கும். கொஞ்ச வருடம்தான் சர்வீஸ் என்றாலும் தடையில்லை. கடன் இல்லையாதலால் திருப்பிக் கட்ட வேண்டியதும் இல்லை. அங்கேதான் ஆபத்தே! 2024-25-ம் வருடத்துக்கு வட்டி 8.25 சதவிகிதம். இதே வட்டி நீடித்தால், இன்றைக்கு எடுக்கும் 50,000 ரூபாய் இருபது வருடத்தில் சுமார் 2,44,000 ஆகியிருக்கும். லீவு, இ.எஸ்.ஐ., கம்பெனி கார்டு மூன்றையும் பார்த்துவிட்டு, பிறகு இந்தக் கதவைத் தட்டுங்கள். மூன்று ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பி.எஃப்.போடு ஒட்டிக்கொண்டே ஓர் ஆயுள் காப்பீடும் இருக்கிறது. தொழிலாளி ஒரு பைசா கட்டுவதில்லை. வேலையில் இருக்கும்போது இறந்துபோனால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, குடும்பத்துக்கு 7 லட்ச ரூபாய் வரை கிடைக்கும். கல்யாணத்துக்குப் பிறகு புதிதாக நாமினேஷன் போட வேண்டும் என்பது பி.எஃப். விதி. எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள்? இந்தப் பேச்சை எடுத்தாலே, "அபசகுனமா பேசாதே" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். அதட்டட்டும். இன்று ராத்திரியே ஆன்லைனில் போய், மனைவி பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கிராஜுவிட்டிக்குப் பொதுவாக ஐந்து வருட சர்வீஸ் வேண்டும். ஆனால் நோயால் நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனாலோ, இறந்துபோனாலோ ஐந்து வருட நிபந்தனை கிடையாது. 2025 நவம்பர் 21-ல் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்த பிறகு, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உரிமை வந்திருக்கிறது. 'கான்ட்ராக்ட்தானே' என்று கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாள்

இத்தனையும் சரியாக இருந்து, கடைசியில் ஒரு காகிதத்தால் காரியம் கெடுவதுண்டு. ஊருக்குப் போகும் அவசரத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். அங்கேயே நின்று படியுங்கள். பெயரின் எழுத்து ஆதாரில் இருப்பது போல இருக்கிறதா? அட்மிட் ஆன தேதி, டிஸ்சார்ஜ் தேதி சரியா? 'ஓய்வு தேவை' என்று மட்டும் எழுதினால் போதாது; எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. என்றால் ஓய்வுச் சர்டிஃபிகேட்டை இ.எஸ்.ஐ. டாக்டரிடம்தான் வாங்க வேண்டும். தனியார் டாக்டர் எழுதியதை வைத்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். எல்லாவற்றையும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள். திரும்ப வேலையில் சேரும்போது பல ஆபீஸ்களில் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கேட்பார்கள். தையல் பிரிக்கப் போகும் அன்றைக்கே டாக்டரிடம் அதையும் கேட்டு வாங்கிவிட்டால், அதற்கென்று இன்னொரு நாள் லீவு போட வேண்டியதில்லை.